குட்டி பழகிவிட்டதா என்று கேட்டிருந்தாய்

அன்புள்ள கண்ணுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, "குதிரைக்குட்டி பழகிவிட்டதா, பொங்கலுக்கு வரும்போது பையனை ஏற்றி ஒரு போட்டோ எடுக்கலாமா?" என்று கேட்டாய். நான் பதில் சொல்ல ஆரம்பிப்பதற்குள் உனக்கு வேறு அழைப்பு வந்துவிட்டது. ஏறுவதெல்லாம் இப்போதைக்கு இல்லை கண்ணு. அதற்கு ஒன்றரை வயதுதான் ஆகிறது, இன்னும் பால்பல் விழுந்து நிலைப்பல் முளைக்கவில்லை. மூன்று வயதாவது ஆகட்டும். மற்றதைப் போனில் சொல்ல முடியாது என்றுதான் இந்தக் காகிதம்.

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தையில் வாங்கினேன் என்று உனக்குத் தெரியும். விலையைக் கேட்காதே, உன் அம்மாவுக்கே முழுசாகத் தெரியாது. காது நுனி இரண்டும் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடுகிற மாதிரி நின்றது. செம்மண் நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி. சுழி பார்க்கத் தெரிந்த ஒருவர் பார்த்துவிட்டு, "குறை இல்லைங்க, ஆனா கை படாத குட்டி" என்றார். நான் அதைக் காதில் வாங்கவில்லை. எத்தனை காங்கேயம் கன்றுகளை ஏருக்கும் வண்டிக்கும் பழக்கியிருக்கிறேன், ஒரு குதிரைக்குட்டி எம்மாத்திரம் என்ற நினைப்பு.

மூன்றாம் நாளே மாட்டுக்குச் செய்கிற மாதிரி செய்தேன். நான்கு ஆளைக் கூப்பிட்டு, தாம்புக்கயிற்றை வீசிக் கழுத்தில் போட்டு, வேப்பமரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்தோம். காளைக்கன்று முரண்டு பிடிக்கும், முட்டும், கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றுவிடும். இது நிற்கவில்லை. பின்னாலேயே இழுத்துக்கொண்டு போய் மல்லாக்க விழுந்தது. எழுந்து மறுபடி விழுந்தது. என் உள்ளங்கைத் தோல் உரிந்துபோனது. அதற்குப் பின்னங்காலில் காயம். கால்நடை டாக்டர் வந்து மருந்து போட்டு, முதல் வேலையாக டெட்டனஸ் ஊசி போட்டார். அந்த நோய் குதிரையைச் சீக்கிரம் பிடிக்குமாம். அதற்கப்புறம் இரண்டு வாரம், நான் கொறங்காட்டு (நம் மேய்ச்சல் காடு) படலைத் திறந்தாலே போதும், அது மறுகோடி கிளுவை வேலியில் போய் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

பழனியில் ஒரு காலத்தில் ஜட்கா ஓட்டிய பாய் ஒருவர் இருக்கிறார், எண்பது வயது இருக்கும். அவரிடம் போய்ச் சொன்னேன். சிரித்தார். "மாடு கொம்பை நம்பும், குதிரை காலை நம்பும். ஓடக்கூடாதுன்னு கட்டிட்டா அதுக்கு உசிரு போற மாதிரிங்க. போய் சும்மா உக்காருங்க" என்றார்.

சும்மா உட்காருவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம், கொறங்காட்டு நடுவில் ஸ்டூல் போட்டு, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பர் படிப்பேன். ஊரில் பேசிக்கொண்டார்கள். ரேக்ளா வண்டிப் பந்தயத்துக்கா வாங்கினீங்க, பேப்பர் படிச்சுக் காட்டவா என்று ஒருத்தன் கேட்டேவிட்டான். பதினோராம் நாள் என் பிடரியில் சூடாக மூச்சு பட்டது. திரும்பவில்லை. படித்துக்கொண்டிருந்த வரியையே நாலு தடவை படித்தேன்.

அது தானாக வந்தபின்தான் கையை நீட்டிப் பார்த்தேன். அதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஓரடி எடுத்து வைப்பேன். அது தலையைத் தூக்கினால் அங்கேயே நின்றுவிடுவேன். தலை இறங்கியதும் நான் இரண்டடி பின்னால் போவேன். நாம் நெருங்குவதைவிட விலகுவதைத்தான் அது கவனித்துப் படிக்கிறது. பயப்படாமல் நின்றால் இந்த ஆள் போய்விடுவான் என்று தெரிந்ததும், நிற்க ஆரம்பிக்கிறது. தொட்டபோதும் அப்படியே. அது நகர்வதற்கு முன்னால் நான் கையை எடுத்துவிட வேண்டும். ஒரு நொடி ஆசைப்பட்டு அதிகம் வைத்திருந்தால், அன்றைக்குச் சம்பாதித்தது போச்சு.

தொடும் இடமும் முக்கியம். எல்லோரும் முகத்தைத்தான் தடவப் போவார்கள். குதிரைக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் தெரியும். ஆனால் நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் தெரியாது. அங்கே திடீரென்று கை வந்தால் அதற்குக் கை என்று எப்படித் தெரியும்? மாட்டுக்குத் திமில் இருக்கிற இடம் இருக்கிறதே, குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்து கொடுப்பது அங்கேதான். நானும் அங்கேதான் விரலால் சொறிந்தேன். தட்டிக் கொடுக்கவில்லை, சொறிந்தேன். கொஞ்ச நேரத்தில் கீழுதடு தொங்கி, கண் பாதி மூடியது. இன்னொரு வேடிக்கை, இடப்பக்கம் பழகியதை வலப்பக்கம் மறுபடி முதலிலிருந்து பழக்க வேண்டியிருந்தது. அந்தப் பக்கத்து அப்பா வேறு ஆள் போலிருக்கிறது.

கையில் வெல்லம் வைத்து ஊட்டும் பழக்கத்தை இரண்டே நாளில் விட்டுவிட்டேன். சட்டைப் பையைக் கடித்து இழுத்தது. இப்போது ஊறவைத்த கொள்ளு என்றாலும் கேரட் என்றாலும் வாளியில்தான்.

கயிறுதான் பெரிய பாடு. கழுத்தில் பட்ட கயிற்றை அது மறக்கவில்லை. அந்தத் தாம்புக்கயிற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு, மெத்தென்ற பருத்திக் கயிறு வாங்கி ஒரு வாரம் தரையில் போட்டு வைத்தேன். மோந்து பார்த்தது, மிதித்தது, பிறகு கண்டுகொள்ளவில்லை. அப்புறம் முதுகில் போட்டு எடுத்தேன். தலைக்கயிறு மாட்ட ஐப்பசி ஆகிவிட்டது. நடத்தும்போது இழுப்பதில்லை. கயிற்றை லேசாக விறைப்பாக்கிவிட்டுக் காத்திருப்பேன். அது முன்னங்காலில் பாரத்தை மாற்றினாலே போதும், அந்த நொடியே தளர்த்திவிடுவேன்.

தீபாவளிக்குப் பக்கத்துத் தோட்டத்தில் சரவெடி வெடித்தார்கள். மறுநாள் மறுபடி வேலியோரம். சரி, ஸ்டூலை எடுத்துக்கொண்டு போனேன். இந்தத் தடவை மூன்றே நாள்தான்.

அந்த மூன்று நாளும் எனக்கு நம் கிணறுதான் ஞாபகம். உனக்கு ஏழு வயது. எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான் நீச்சல் பழகும் என்று உன்னை மேல்படியிலிருந்து தள்ளிவிட்டேன். பின்னாலேயே குதித்துத் தூக்கினேன், ஆனால் அதற்கப்புறம் நீ அந்தக் கிணற்றுப் பக்கமே வரவில்லை. நான் உன்னைப் பயந்தாங்கொள்ளி என்று நாலு பேர் முன்னால் சொன்னேன். அது தப்பு கண்ணு. இவ்வளவு நாள் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

பொங்கலுக்கு வரும்போது இதை மட்டும் மாப்பிள்ளையிடமும் பையனிடமும் சொல்லிவிடு. முதல் நாள் யாரும் குட்டியிடம் போக வேண்டாம், என்னோடு படலுக்கு வெளியே உட்காரட்டும். துப்பட்டா காற்றில் பறக்காமல் முடிந்துகொள். மறுநாள் பையனை நான் கூட்டிப் போகிறேன், தோள்பட்டைப் பக்கமாக, பேசிக்கொண்டே. பேசினால் நாம் எங்கே நிற்கிறோம் என்று அதற்குத் தெரியும். பின்னங்கால்களை இன்னும் தூக்க விடவில்லை, அதனால் பின்பக்கம் யாரும் போகக் கூடாது. முன்னங்கால் இரண்டையும் கொடுக்கிறது. குளம்பு சீவ ஆள் வரும் முன்னால் மற்றதையும் பழக்கிவிட வேண்டும்.

மாட்டுப்பொங்கலன்று அதற்கும் நெற்றியில் பொட்டு வைக்க வேண்டும் என்கிறாள் அம்மா. நெற்றிக்கு நேராகக் கையைக் கொண்டுபோகாதே, கழுத்தில் வை என்றேன். கழுத்தில் யாராவது பொட்டு வைப்பார்களா என்று சண்டை. நீ வந்து தீர்த்துவை.

அப்பா