‘இரத்த ஊசி’ என்னும் பெயர் பொருந்தாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வாரம் தங்கள் நாளிதழின் மருத்துவப் பகுதியில் வெளிவந்த சிறுநீரக நோய் பற்றிய கட்டுரை காலத்துக்கு ஏற்றது. அநுராதபுரம், பொலன்னறுவை மாவட்டங்களை 1990களிலிருந்து வாட்டிவரும், காரணம் முழுமையாகத் துலங்காத சிறுநீரக நோய் எங்கள் திருகோணமலை மாவட்டத்தின் பதவி ஸ்ரீபுரப் பகுதியையும் விட்டுவைக்கவில்லை என்பதால், இங்கு அக்கட்டுரையை வெட்டி வைத்துக்கொண்டோர் பலர். ஆயினும் செங்குழியங்கள் (குருதியின் சிவப்புக் கலங்கள்) உருவாகத் தூண்டுவதும், சிறுநீரக நோயாளருக்கு ஊசியாகப் போடப்படுவதுமான எரித்திரோபொயெட்டின் என்னும் ஓமோனை அதில் மூன்று இடங்களில் ‘இரத்த ஊசி’ என்று எழுதியிருப்பதை ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியன் என்ற முறையில் என்னால் கடந்துபோக இயலவில்லை.

அப்பெயர் விளைக்கும் குழப்பத்தை நான் கண்ணால் கண்டவன். எங்கள் ஒழுங்கையில், கிழமைக்கு இரு நாள் குருதிச் சுத்திகரிப்புக்குப் போய்வரும் முதியவர் ஒருவருக்கு இம்மருந்து எழுதப்பட்டபோது, ‘இரத்த ஊசி, நாலாயிரம் யூனிட்’ என்று அரைகுறையாகக் காதில் வாங்கிய மகன், இரத்தம் கொடுக்க ஆள் தேடிக் கிண்ணியாவிலும் தம்பலகாமத்திலும் உள்ள உறவினர்களுக்கெல்லாம் தொலைபேசி எடுத்துவிட்டார். ஏற்றும் இரத்தத்தையும் யூனிட் என்கிறோம், இந்த ஓமோனையும் யூனிட் கணக்கில் அளக்கிறார்கள். முன்னையது ஒரு முழுப் பை, பின்னையதோ சின்னஞ்சிறு ஊசிக்குழாயில் உள்ள நிறமற்ற திரவத்தின் வீரியத்தைக் குறிக்கும் அலகு. நாலாயிரம் பை இரத்தம் யாருக்கும் ஏற்ற முடியாதே என்று அவர் எண்ணிப் பார்த்திருக்கலாம்தான். தகப்பனுக்குச் சுகமில்லாத வேளையில் எவருக்கு அந்தக் கணக்கு வரும்?

இந்த ஓமோனுக்குப் பெயர் வந்த வரலாறே ‘இரத்த ஊசி’ என்பதற்கு மறுப்பாக அமைந்திருக்கிறது. குருதியில் ஓடும் ஏதோ ஒரு பொருளே புதிய குருதி ஊறச் செய்கிறது என 1906 இல் கருதிய பிரெஞ்சு ஆய்வாளர்களான கார்னோவும் டிஃப்லாந்தரும் அதற்கு ‘ஈமோபொயெட்டின்’, அதாவது குருதியை ஆக்குவது என்று பெயரிட்டனர். அப்பெயர் அகலமானது, வெண்குழியம், குருதிச் சிறுதட்டு எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். 1948 இல் பின்லாந்தைச் சேர்ந்த பொன்ஸ்டோர்ஃப், யாலவிஸ்ட்டோ ஆகிய இருவரும் செங்குழியங்களை மாத்திரம் சுட்டும் எரித்திரோபொயெட்டின் என்ற சொல்லை முன்வைத்தனர். ‘எரித்ரோஸ்’ என்றால் கிரேக்கத்தில் சிவப்பு. பின்பாதி ‘செய்தல்’ என்னும் பொருளுடைய வினையிலிருந்து வந்தது. கவிஞரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அதே வேரில் முளைத்ததே; ‘செய்’ என்பதிலிருந்து செய்யுளைப் பெற்ற நமக்கு அது வியப்பாக இராது. நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்துத் திருத்திக்கொள்ளப்பட்ட அகலத்தைத்தான் ‘இரத்த ஊசி’ மறுபடியும் கொண்டுவந்து சேர்க்கிறது.

குருதியில் ஒட்சிசன் குறைவதை உணரும் சிறுநீரகக் கலங்களே வளர்ந்தோர் உடலில் இந்த ஓமோனின் பெரும்பகுதியைச் சுரக்கின்றன. அது என்பு மச்சையை அடைந்து, செங்குழியமாக மாறவேண்டிய இளங்கலங்கள் இடையில் மடிந்துபோகாமல் காக்கிறது. செங்குழியத்தின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். ஆகவே சிறுநீரகம் பழுதடைந்து சுரப்புக் குறைந்தால், இறப்பதற்கு ஈடாகப் பிறப்பு இல்லாமல் சோகை உண்டாகிறது. முருங்கையிலையும் பீற்றூட்டும் மட்டும் இங்கு போதாமற் போவதன் காரணம் இதுவே. இரும்புச்சத்து மூலப்பொருள், ஓமோன் கட்டளை, இரண்டும் வேண்டும். இரத்தம் ஏற்றினால் ஈமோகுளோபின் உடனே உயரும். இந்த ஊசிக்கோ சில வாரங்கள் பொறுத்திருக்க வேண்டும். இதையறியாத வீட்டார் மறுநாளே பலனைத் தேடுவதும், காணாமல் ‘இன்னும் கூட்டிப் போடுங்கள்’ என்று கேட்பதும் நடக்கின்றன. ஈமோகுளோபினை டெசிலீற்றருக்கு 13 கிராமுக்கு மேல் வலிந்து உயர்த்துவது பக்கவாதம், குருதியுறைவு ஆகியவற்றுக்கான ஆபத்தைக் கூட்டும் என்பது ஆய்வுகளில் தெரியவந்த செய்தி. இரத்தம் கூடினால் நல்லதுதானே என்ற எண்ணத்துக்கு ‘இரத்த ஊசி’ என்னும் பெயர் தூபம் போடுகிறது.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘செங்குழியவாக்கி’ என்பது வேர்ச்சொல்லுக்கு நேரானது. ஆனால் ஆக்குவது மச்சையே அன்றி ஓமோன் அன்று. ‘ஊக்கி’ என்றால் நம் மாணவர்க்கு இரசாயனப் பாடம் நினைவுக்கு வரும். போதாக்குறைக்குத் தங்கள் விளையாட்டுப் பக்கம் இதே பொருளை ‘ஈபிஓ ஊக்கமருந்து’ என்றே எழுதிவருகிறது. சைக்கிளோட்ட வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ரோங் 2013 இல் பயன்படுத்தியதாக ஒப்புக்கொண்டவற்றுள் ஒன்றும், எங்கள் முதியவருக்கு ஏற்றப்படுவதும் ஒரே ஓமோன்தான் என்பது இரு பக்கங்களையும் படிக்கும் வாசகருக்குத் தெரிய வழியே இல்லை. எனவே ‘செங்குழியத் தூண்டி’ என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. மருந்துச் சீட்டில் பிறமொழிப் பெயரே இருக்குமாதலால், எரித்திரோபொயெட்டின் என்று முதலில் எழுதி, இதனை அடுத்து இடுவது நோயாளிக்கு உதவும்.

அடுத்த மருத்துவப் பகுதியில் ஒரு சிறு திருத்தமும், இது ஏற்றப்படும் குருதி அன்று, இதற்குக் குருதிக் கொடையாளர் தேவையில்லை என்ற இரு வரி விளக்கமும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
உவர்மலை, திருகோணமலை.