சிகரத்துக்குப் பெயர் வைக்கும் வேலை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை நல்லபடியாக முடிந்து, உன் கையாலேயே நான்கு பக்கம் எழுதும் அளவுக்கு நீ தேறிவிட்டதைப் பார்த்ததும் பாதிக் கவலை தீர்ந்தது. மீதிப் பாதியை உன் மகளைப் பற்றி எழுதிய பத்தி பிடித்துக்கொண்டது. ஆய்வகத்தில் சேர்ந்து மூன்று வாரம் ஆகியும் அவள் கையில் உண்மையான மாதிரி ஒன்றைக்கூடக் கொடுக்கவில்லை, காலையில் வெறும் கரைப்பானை ஓட்டிப் பார்க்கச் சொல்கிறார்கள், பிற்பகலில் ரப்பர் வில்லையையும் கண்ணாடிக் குழாயையும் மாற்றச் சொல்கிறார்கள், முதுகலை படித்தவளுக்கு இதுவா வேலை என்று அவள் குமைகிறாள், நீயும் சேர்ந்து குமைகிறாய். ஒரு கலவையை ஆவியாக்கி அதிலுள்ள பொருள்களைத் தனித்தனியே பிரித்துக் காட்டும் அதே வாயு வண்ணப்பிரிகைக் கருவியின் முன்னால் இருபத்தெட்டு ஆண்டுகள் உட்கார்ந்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: அவளுக்கு வாய்த்திருப்பது நல்ல இடம். ஏன் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்; நீ படித்து முடித்ததும் அவளிடம் கொடு.

கல்லூரியில் நாம் வடிதாளில் கறுப்பு மையால் ஒரு புள்ளி வைத்து, தாளின் அடியை நீரில் தொடவிட்டுக் காத்திருந்தது உனக்கு நினைவிருக்கும். நீர் ஏற ஏறக் கறுப்பு என்று நாம் நம்பியிருந்தது நீலமாகவும் ஊதாவாகவும் மஞ்சளாகவும் பிரிந்து, ஒவ்வொன்றும் தன் உயரத்தில் நின்றது. வாயு வண்ணப்பிரிகையும் அடிப்படையில் அதுவேதான். மிகயீல் ஸ்வெட் என்ற ரஷ்யத் தாவரவியலாளர் 1903-இல் வார்சாவில் இலைச் சாயங்களைச் சுண்ணாம்புத் தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் பிரித்த முறையைப் பற்றி முதன்முதலாகப் பேசினார். அவருடைய பெயருக்கே ரஷ்ய மொழியில் நிறம் என்று பொருள் என்பது எனக்கு எப்போதும் பிடித்த செய்தி. ஓடும் ஊடகம் திரவமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, ஆவியாகவும் இருக்கலாம் என்று ஆர்ச்சர் மார்ட்டினும் ரிச்சர்ட் சிங்கும் 1941-இல் எழுதினார்கள். அதை வாயுவும் திரவமுமாகச் செய்து காட்ட யாரும் முன்வராததால், மார்ட்டினே அந்தோணி ஜேம்ஸுடன் சேர்ந்து கொழுப்பு அமிலங்களைப் பிரித்து 1952-இல் வெளியிட்டார். அதே ஆண்டில் மார்ட்டினுக்கும் சிங்குக்கும் முந்தைய பணிக்காக நோபல் பரிசும் கிடைத்தது.

இன்று தாளின் இடத்தில் இருப்பது தலைமுடியைப் போல மெல்லிய துளை கொண்ட ஒரு சிலிக்காக் குழாய். உன் மகள் அதைக் கையில் எடுத்திருப்பாள்: பழுப்பு நிறப் பூச்சுடன், வளையமாகச் சுற்றி, கம்பிக் கூட்டில் கட்டியிருக்கும். வழக்கமாக 30 மீட்டர் நீளம், உள் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் கால் பங்கு. உள்சுவரில் ஒரு மைக்ரோமீட்டரின் கால் பங்குத் தடிமனில் சிலிக்கோன் வகைத் திரவம் ஒன்று படலமாகப் பூசப்பட்டிருக்கும். சுமார் 250 டிகிரி வெப்பத்தில் இருக்கும் செலுத்துவாயில் ஒரு மைக்ரோலிட்டர் கரைசலைச் செலுத்தினால், அது நொடியில் ஆவியாகி ஹீலியம் வாயுவின் ஓட்டத்தில் ஏறிக்கொள்கிறது. அதிலுள்ள ஒவ்வொரு பொருளும் வாயுவில் இருக்கும்போது நகர்கிறது, படலத்தில் கரைந்திருக்கும்போது நிற்கிறது. படலத்தோடு ஒட்டுதல் மிகுந்தவை பின்தங்குகின்றன, எளிதில் ஆவியாகிறவை முந்துகின்றன. குழாயை வைத்திருக்கும் ஓவனின் வெப்பத்தை நிமிடத்துக்குச் சில டிகிரி வீதம் உயர்த்திக்கொண்டே போனால், தயங்கி நின்றவையும் தம் முறை வரும்போது புறப்படுகின்றன. மறுமுனையில் உள்ள உணர்கருவி ஒவ்வொன்றும் வந்து சேரும்போது ஒரு சிகரத்தை வரைகிறது. செலுத்திய கணத்திலிருந்து சிகரத்தின் உச்சி வரை ஆகும் நேரத்தைத்தான் தங்கல் நேரம் என்கிறோம்.

இதுவரை எல்லாம் இயற்பியல், குழப்பமில்லை. சிக்கல் அடுத்த அடியில்தான் இருக்கிறது. 6.42 நிமிடத்தில் ஒரு சிகரம் வந்தது என்பது கருவி சொல்லும் செய்தி. அந்தச் சிகரம் இன்ன பொருள் என்பது நாம் வைக்கும் பெயர். ஒரே நேரத்தில் வந்து சேரக்கூடிய பொருள்கள் எத்தனையோ உண்டு. நாம் தேடிய பொருளும் அந்த நேரத்தில் வரும், தேடாத வேறொன்றும் வரும். நேரம் பொருந்தவில்லை என்றால் அது அந்தப் பொருள் இல்லை என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். நேரம் பொருந்தியது என்பதற்காக அதுதான் என்று சொல்லக் கூடாது.

இது வெறும் பாடப்புத்தக எச்சரிக்கையாக இருந்திருந்தால் நான் இவ்வளவு அழுத்திச் சொல்லமாட்டேன். 1989-இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் மூன்று மாதக் கைக்குழந்தை ஒன்று வாந்தியும் மூச்சுத்திணறலுமாக மருத்துவமனைக்கு வந்தது. வண்டிகளின் குளிர்விப்பானில் ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு அதன் இரத்தத்தில் இருப்பதாக ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வகங்கள் எழுதிக் கொடுத்தன. குழந்தை இறந்தது, தாய் கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பாகி ஆயுள் தண்டனை பெற்றாள். அவள் காவலில் இருந்தபோது பிறந்த இரண்டாவது குழந்தையும் அதேபோல நோயுற்றது, தாய் அருகில் இல்லாத நிலையிலும். அதற்கு மெத்தில்மலோனிக் அசிடீமியா என்ற பிறவி வளர்சிதைமாற்றக் குறை இருப்பது தெரியவந்தது. அந்தக் குறை உள்ளவர்களின் உடலில் புரோப்பியானிக் அமிலம் சேரும். முதல் குழந்தையின் இரத்தத்தை வேறு அறிவியலாளர்கள் மறுபடி ஆராய்ந்தபோது, எத்திலீன் கிளைக்கால் என்று பெயர் வைக்கப்பட்ட சிகரம் உண்மையில் அந்த அமிலத்தினுடையது என்று தெளிவானது. 1991-இல் தாய் விடுதலையானாள். அந்தக் கருவி பொய் சொல்லவில்லை. வந்த சிகரத்தை வந்த இடத்தில் ஒழுங்காக வரைந்துதான் கொடுத்தது. பெயர் வைத்தவர்கள் அவசரப்பட்டார்கள். இந்த வழக்கைப் படித்த நாளிலிருந்து, கையெழுத்துப் போடுமுன் ஒவ்வொரு சிகரத்தையும் இன்னொரு முறை பார்க்காமல் நான் எழுந்ததில்லை.

இத்தகைய பிழையைத் தடுக்கத்தான் நிறை நிறமாலைமானியைக் குழாயின் முனையில் இணைக்கிறோம். வந்து சேரும் ஒவ்வொரு பொருளையும் 70 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள எலக்ட்ரான்களால் அது மோதி உடைக்கிறது. உடைந்த துண்டுகளின் நிறைகள் ஒரு கைரேகையைப் போலப் பதிவாகின்றன. நேரமும் பொருந்த வேண்டும், துண்டுகளும் அவற்றின் விகிதமும் பொருந்த வேண்டும், ஒப்பிடுவதற்கென்றே வைத்திருக்கும் தூய தரப்பொருளை அதே நாளில் அதே கருவியில் ஓட்டிப் பார்த்ததோடும் ஒத்துப்போக வேண்டும். இரத்தத்தில் மதுவின் அளவைப் பார்க்கும்போது இதே எண்ணத்தை வேறு வழியில் கடைப்பிடிக்கிறார்கள்: தன்மையில் வேறுபட்ட இரண்டு குழாய்களில் ஓட்டுகிறார்கள், ஏனென்றால் ஒரு குழாயில் எத்தனாலோடு ஒன்றாக வரும் பொருள் மற்றொன்றிலும் அதனோடு ஒன்றாக வருவது அரிது.

இனி உன் மகளின் வெறும் கரைப்பானுக்கு வருகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் ஒரு கிணற்று நீர் மாதிரியில் குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்தைக் கண்டேன். நேரம் பொருந்தியது, நிறமாலையும் அப்பழுக்கின்றிப் பொருந்தியது. அறிக்கையைத் தட்டச்சு செய்து எடுத்துக்கொண்டு போனேன். என் மேலாளர் அதைப் படிக்கவே இல்லை. "இதற்கு முன்னால் ஓடிய குப்பி எது?" என்று மட்டும் கேட்டார். முன்னால் ஓடியது அதே பூச்சிமருந்தின் மிகச் செறிவான தரக்கரைசல். இரண்டுக்கும் நடுவில் நான் எதையும் ஓட்டியிருக்கவில்லை. ஊசியில் ஒட்டியிருந்த எச்சம் அடுத்த குப்பியோடு சேர்ந்து போயிருக்கிறது. இரண்டு முறை வெறும் கரைப்பானை ஓட்டிவிட்டு நீரை மறுபடி ஓட்டியபோது அந்தச் சிகரம் இருந்த இடத்தில் தட்டையான கோடுதான் இருந்தது. ஒரு குடும்பம் குடிக்கும் கிணற்றை என் அறிக்கை மூடியிருக்கும். பொருளின் பெயரைச் சரியாகச் சொல்லியும் நான் தவறியிருந்தேன், ஏனென்றால் அது அந்த நீரிலிருந்து வந்ததா என்ற கேள்வியை நான் கேட்கவில்லை. வெற்று ஓட்டம் பதில் சொல்வது அந்தக் கேள்விக்குத்தான்.

அவள் பார்க்கும் வெற்று ஓட்டங்கள் உண்மையில் முற்றிலும் வெறுமையாக இருப்பதில்லை. அங்கேதான் கண் பழக வேண்டும். 207 நிறையுள்ள துண்டு தலைகாட்டினால் குழாயின் படலமோ ரப்பர் வில்லையோ வெப்பத்தில் சிதைந்து சிலிக்கோன் கசிகிறது என்று நினைக்க வேண்டும். 149 வந்தால் பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் தாலேட் எங்கிருந்தோ ஒட்டியிருக்கிறது: கையுறையா, மூடியா, கரைப்பான் புட்டியா என்று தேட வேண்டும். இந்த எண்களை நான் சொல்லிக் கொடுப்பதைவிட, மூன்று வாரம் வெற்று ஓட்டங்களைப் பார்த்து அவளே அடையாளம் கண்டுகொள்வதுதான் நிலைக்கும்.

கண்ணாடிக் குழாயை மாற்றுவதையும் அவள் எடுபிடி வேலையாக நினைக்க வேண்டாம். செலுத்துவாய்க்குள் இருக்கும் லைனர் என்ற அந்தக் குழாயில் பழைய மாதிரிகளின் அழுக்கு படிந்துவிட்டால், சூட்டில் அது ஒரு வினையூக்கியாகி, நாம் தேடும் பொருளையே உள்ளே நுழையும் வழியில் மாற்றிவிடும். எண்ட்ரின் என்ற பூச்சிமருந்தை எடுத்துக்கொள்: அது எண்ட்ரின் ஆல்டிஹைடாகவும் எண்ட்ரின் கீட்டோனாகவும் மாறிவிடும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 8081 என்ற முறை இந்தச் சிதைவு 15 விழுக்காட்டைத் தாண்டினால் வேலையை நிறுத்திக் கருவியைச் சரிசெய்யச் சொல்கிறது. கஞ்சாவிலும் இதே கதைதான்: செடியில் அமில வடிவில் இருக்கும் டி.எச்.சி.ஏ. சூட்டில் கார்பன் டை ஆக்சைடை இழந்து, போதை தரும் டி.எச்.சி. ஆகிவிடுவதால், இரண்டையும் தனித்தனியே அளக்க இந்தக் கருவியை அப்படியே நம்பக் கூடாது.

சூடு செய்யும் மாயத்துக்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு செவ்வாய்க் கோளில் நடந்தது. 1976-இல் இறங்கிய இரண்டு வைக்கிங் கலங்களும் செவ்வாய் மண்ணை அதிகபட்சம் 500 டிகிரி வரை சூடாக்கி, வாயு வண்ணப்பிரிகையும் நிறை நிறமாலைமானியும் இணைந்த கருவியில் ஆராய்ந்தன. கரிமப் பொருள் எதுவும் அகப்படவில்லை. குளோரோமீத்தேனும் டைகுளோரோமீத்தேனும் மட்டும் மிகச் சிறிதளவு வந்தன. பூமியில் கருவியைக் கழுவிய கரைப்பான்களின் மிச்சம் என்று அதற்கு விளக்கம் சொன்னார்கள். 2008-இல் பீனிக்ஸ் கலம் செவ்வாய் மண்ணில் குளோரினும் ஆக்சிஜனும் அடங்கிய பெர்குளோரேட் உப்பைக் கண்டது. கரிமப் பொருள் சிறிதளவு உள்ள பாலைநில மண்ணில் பெர்குளோரேட்டைக் கலந்து சூடாக்கிப் பார்த்தவர்களுக்கு அதே இரண்டு பொருள்கள் கிடைத்தன. 2010-இல் அதை வெளியிட்டார்கள். செவ்வாய் மண்ணில் கரிமப் பொருள் இருந்து, ஆராய்ந்த சூடே அதை எரித்து உருமாற்றியிருக்கலாம் என்ற வழக்கு அன்று மறுபடி திறந்தது. கையெட்டாத தொலைவில் இருக்கும் கருவிக்குக்கூட, இது மண்ணிலிருந்து வந்ததா, கருவியிலிருந்து வந்ததா, சூட்டில் பிறந்ததா என்ற அதே மூன்று கேள்விகள்தான்.

அவள் மனம் தளர்ந்தால் ஜேம்ஸ் லவ்லாக் என்ற ஆங்கில அறிவியலாளரைப் பற்றிச் சொல். 1957-இல் அவர் உருவாக்கிய எலக்ட்ரான் கவரும் உணர்கருவி, குளோரின் உள்ள பொருள்களை மிக நுண்ணிய அளவிலும் காட்டிக்கொடுத்தது. பூச்சிமருந்தின் எச்சம் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று உலகம் அறிந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. 1971-இல் அவர் ஷேக்கில்டன் என்ற ஆய்வுக் கப்பலில் அதை ஏற்றிக்கொண்டு தென்துருவக் கடல்வரை சென்று, வழியெல்லாம் காற்றை அளந்தார். குளிர்பதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்ட குளோரோபுளோரோகார்பன், ஒரு லட்சம் கோடிப் பங்கில் சில பத்துப் பங்குகள் என்ற அளவில், அளந்த இடமெல்லாம் இருந்தது. அந்த எண்களை வைத்துத்தான் ரோலண்டு, மொலினா என்ற வேதியியலாளர்கள் ஓசோன் படலத்துக்கு வரவிருக்கும் கேட்டை 1974-இல் எடுத்துரைத்தார்கள். அத்தகைய பொருள்களைக் கட்டுப்படுத்த 1987-இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை வந்தது. அவ்வளவு சிறிய அளவைத் தன் கப்பலின் காற்று, தன் குப்பியின் அழுக்கு என்பவற்றிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாமல் போயிருந்தால், அந்த எண்ணை யார் நம்பியிருப்பார்கள்?

என்னைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பழைய கருவியை அடுத்த மாதம் அகற்றுகிறார்கள். அதன் கடைசிக் குழாயை நினைவுக்காகக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். உன் மகளிடம், வெற்று ஓட்டங்களின் தாள்களைத் தூக்கி எறியாமல் தேதியிட்டுச் சேர்த்து வைக்கச் சொல். விடுமுறைக்கு வரும்போது அவற்றை எடுத்து வந்தால், இந்தச் சித்தி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சிறு மேட்டையும் பார்த்து, அது எங்கிருந்து வந்தது என்று அவளோடு சேர்ந்து தேடுகிறேன்.

கண்ணுக்குச் சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போட்டுக்கொள்.

அன்புடன்,
உன் பழைய ஆய்வுமேசைத் தோழி