சூறைக்குருவிக் கூட்டத்துக்குத் தலைவன் கிடையாது

ஆசிரியர் அவர்களுக்கு,

குளிர்காலத்தில் பொழுது சாயும் நேரம் கண்மாய் மேலே சூறைக்குருவிகள் (சோளக்குருவி என்றால்தான் கிராமத்தில் தெரியும்) புகைபோல் சுருண்டு சுழலும் படம் வந்தாலே, கீழே ‘தலைவன் பறவையைப் பின்தொடரும் கூட்டம்’ என்று ஒரு வரியும் வந்துவிடுகிறது. அந்த வரி வேண்டாம்.

தலைவன் இல்லாமலே கூட்டம் ஒழுங்காகும் என்பதை 1995-இல் ஹங்கேரி இயற்பியலாளர் தமாஷ் விச்செக் குழுவினர் கணக்காகவே போட்டுக் காட்டினார்கள். பள்ளிக் கணினியே இதற்குப் போதும். 5-க்கு 5 சதுரத்தில் 300 புள்ளிகளைத் தாறுமாறான திசைகளில் விடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் புள்ளி 0.03 அலகு நகரும். ஒரு விளிம்பில் வெளியேறினால் எதிர் விளிம்பில் உள்ளே வரும். 1 அலகு தூரத்துக்குள் இருப்பவற்றின் சராசரித் திசைக்குத் திரும்பும். கூடவே 3 பாகைக்குள் ஒரு தடுமாற்றம். 1 நீளமுள்ள திசை அம்புகளைக் கூட்டி, வரும் அம்பின் நீளத்தை 300-ஆல் வகுத்தால் தொடக்கத்தில் 0.05 பக்கம் இருப்பது, போகப்போக 1-ஐ நெருங்கும்; அதாவது எல்லாம் ஏறக்குறைய ஒரே திசை. சதுரத்தை 25-க்கு 25 ஆக்கினால் ஆளுக்கொரு திக்காகச் சிறு கூட்டங்கள் பிரிந்து திரியும்.

பிழை வருவது பெரும்பாலும் சராசரியில்தான். 359 பாகையையும் 1 பாகையையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 180 வரும், பறவை நேர் எதிரே பறக்கும். சைன், கோசைன்களைத் தனித்தனியே கூட்டி, அந்த இரண்டிலிருந்து திசைக் கோணத்தைத் தரும் ஏடான்2 (ATAN2) போட வேண்டும். எக்செல்லில் அதற்குக் கோசைன் கூட்டுத்தொகை முதலில், பைத்தானில் சைன் கூட்டுத்தொகை முதலில். விளிம்பிலும் கவனம் வேண்டும்: 0.1-இல் இருப்பதற்கும் 4.9-இல் இருப்பதற்கும் இடைவெளி 4.8 அல்ல, 0.2. பழைய திசைகளைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திருப்புங்கள். ஒவ்வொன்றாகத் திருப்பினால் பட்டியல் வரிசை கணக்குக்குள் புகுந்துவிடும்; தலைவனே இல்லை என்று காட்ட வந்து, திருவிழா மாதிரி முதல் மரியாதை வைத்த கதையாகிவிடும்.

கணக்கு ஓடுகிறது என்பதற்காக நிஜப் பறவையும் அப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. விச்செக் கணக்கில் ஒட்டிக்கொள்ளும் விதி கிடையாது. விளிம்பைத் திறந்துவிட்டால் கூட்டம் கலைந்துபோகும். நெருக்கமாக இருப்பதற்கும் மோதாமல் விலகுவதற்குமான விதிகளைக் கிரேக் ரெய்னால்ட்ஸ் 1987-இலேயே கணினிப் படத்துக்காக எழுதியிருந்தார். பின்னர் ரோம் நகரில் சூறைக்குருவியின் உறவுப் பறவைகளை அளந்து 2008-இல் வெளியான முடிவு இன்னும் கூர்மையானது: ஒரு பறவை கவனிப்பது குறிப்பிட்ட தூரத்துக்குள் உள்ள எல்லாவற்றையும் அல்ல, அருகிலுள்ள ஆறேழு பறவைகளை மட்டும், அவை எவ்வளவு தள்ளி இருந்தாலும். வல்லூறு பாய்ந்து கூட்டம் நீண்டாலும் அறுபடாததற்கு இது முக்கியக் காரணம். 2021-இல் இயற்பியல் நோபல் பெற்ற ஜார்ஜோ பரீசியும் அந்தக் குழுவில் இருந்தவர்தான். மேலே சொன்ன கணக்கில் ‘1 அலகுக்குள்’ என்பதை ‘அருகிலுள்ள ஏழு’ என்று மாற்றிப் பாருங்கள்.

நாளிதழில் வரும் ஒற்றைப் படத்தை வைத்து எந்தப் பறவை எதற்குப் பக்கம் என்று மட்டும் கணக்கெடுக்காதீர்கள். பல மீட்டர் முன்பின்னாகப் பறப்பவை படத்தில் ஒட்டி நிற்கும். ரோமில் அதற்காகவே தள்ளித்தள்ளிக் கேமராக்களை நிறுத்தி, ஒரே கணத்தில் எடுத்தார்கள்.

இப்படிக்கு,
கணித ஆசிரியர்கள் சிலர்,
திருநகர், மதுரை