பாரெட் போன பிறகு

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடி நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். மகள் கீபோர்டு வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். மாலையானால் வீடு முழுக்க ஸ்வரப் பயிற்சிதான்.

பாடகர் சிட் பாரெட் போனதோடு பிங்க் ஃபிளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின் கதை முடிந்துவிட்டது என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்த பிறகு மனம் பொறுக்கவில்லை. அவர்களுடைய ஆரம்ப கால ஆல்பங்களை வரிசையாக மறுபடி கேட்டேன். முதல் ஆல்பத்தைப் பொறுத்தவரை நீ சொல்வதுதான் சரி. 1967-ல் வந்த அது பாரெட்டின் உலகம். பெரும்பாலான பாடல்களை எழுதியவர் அவர். பிங்க் ஆண்டர்சன், ஃபிளாய்ட் கவுன்சில் என்ற இரண்டு புளூஸ் கலைஞர்களின் பெயர்களிலிருந்து குழுவுக்குப் பெயர் எடுத்தவரும் அவர்தான். அவருடைய மனநிலை குலைந்து, அடுத்த ஆண்டே ஏப்ரலில் குழுவிலிருந்து விலகியது அறிவிக்கப்பட்டது. அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது.

நீ எழுதியதைத்தான் அன்று அவர்களுடைய மேலாளர்களும் நினைத்தார்கள். எதிர்காலம் பாரெட்டுக்குத்தான் என்று நம்பி அவர் பக்கம் போய்விட்டார்கள். மிஞ்சியவர்கள் ரோஜர் வாட்டர்ஸ், ரிக் ரைட், நிக் மேசன் என்ற மூவரும், புதிதாக வந்து சேர்ந்த டேவிட் கில்மரும். முன்னவர்கள் மூவரும் லண்டனில் கட்டடக்கலை படிக்கப் போன இடத்தில் பழகியவர்கள். இரண்டாவது ஆல்பத்தின் தலைப்பு இசையை எங்கே ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்று வாட்டர்ஸும் மேசனும் வரைபடம் போலத் தாளில் வரைந்து அமைத்தார்களாம். பாட்டு கட்டத் தெரிந்தவர் போய்விட்டார், நமக்குத் தெரிந்த வழியில் கட்டுவோம் என்ற அந்தத் துணிச்சல் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

அதன் பிறகு கொஞ்ச காலம் தடுமாற்றம்தான். 1969-ல் ஆளுக்கு அரைப் பக்கம் என்று இசைத்தட்டைப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். 1970-ல் பித்தளை வாத்தியங்களையும் சேர்ந்திசைக் குழுவையும் துணைக்கு அழைத்தார்கள். அந்த ஆல்பம் பிரிட்டனில் முதலிடம் பிடித்தும், பின்னாளில் வாட்டர்ஸும் கில்மரும் அதைக் குறைத்தே பேசினார்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது 1971-ஐப் பற்றி. அந்த ஆண்டு கையில் பாட்டு எதுவும் இல்லாமல் அபே ரோடு ஸ்டுடியோவுக்குள் போனார்கள். தோன்றியதையெல்லாம் வாசித்துப் பதிவு செய்து, அந்தத் துண்டுகளுக்கு 'ஒன்றுமில்லை' என்றே பெயரிட்டு எண் போட்டு வைத்தார்கள். ஒருநாள் ரைட் பியானோவின் மேல் ஸ்தாயியில் ஒரே ஒரு ஸ்வரத்தைத் தட்ட, அது சுழலும் லெஸ்லி ஒலிபெருக்கி வழியாக வந்தபோது நீருக்கடியிலிருந்து எழும் ஒலியாக மாறியிருந்தது. பிறகு முறைப்படி பதிவு செய்யப் பார்த்தால் அதே அதிர்வு மறுபடி கிடைக்கவே இல்லை. கடைசியில் சோதனைக்காக எடுத்த ஒலிநாடாவையே ஆல்பத்தில் சேர்த்துவிட்டார்கள். அந்த ஒற்றை ஸ்வரத்திலிருந்து பிறந்ததுதான் 'எக்கோஸ்'. இருபத்து மூன்று நிமிடங்களுக்கு மேல், இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதும்!

அவசரமில்லாத தாளம், ஸ்வரங்களுக்கு நடுவே விடும் இடைவெளி, ரைட்டும் கில்மரும் குரல் சேர்த்துப் பாடும் விதம் என்று, 1973-ல் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' வழியாக உலகம் அறிந்துகொண்ட அத்தனையும் இதில் ஏற்கெனவே இருக்கிறது. பாரெட் இருந்திருந்தால் அருமையான பாடல்கள் வந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் பாட்டு எழுத ஆள் இல்லாமல் போனதால்தான் இவர்கள் ஒலியையே உற்றுக் கேட்கப் பழகினார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

அதே ஆண்டு அக்டோபரில் இத்தாலியில் உள்ள பொம்பெயி என்ற பண்டைய ரோமானிய நகரத்தின் பழைய அரங்கில், பார்வையாளர்களே இல்லாமல் அவர்கள் வாசித்ததைப் படமாக்கியிருக்கிறார்கள். 'எக்கோஸ்' அதில் இரண்டு பாதியாக வருகிறது. முதலில் ரைட்டின் கைகளை மட்டும் கவனித்துப் பார். அதற்குப் பிறகும் பாரெட்டோடு எல்லாம் முடிந்தது என்றுதான் சொல்வாயா என்று விரிவாக எழுது. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்