கிராமுக்கு 0.06 ரூபாய் என்றால் கிலோ எவ்வளவு?

ஆசிரியர் அவர்களுக்கு,

பொட்டலங்களில் அதிகபட்ச விலையோடு அலகு விலையையும் அச்சிட வேண்டும் என்று சட்டமுறை எடையளவு விதிகளில் 2021-இல் திருத்தம் வந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு கிலோவுக்குக் குறைந்தால் கிராம் விலை, கூடினால் கிலோ விலை, அதுவும் இரண்டு தசம இடத்துக்கு முழுதாக்கி என்று வைத்ததில் கணக்கு இடறுகிறது.

அரைக் கிலோ ரவை ஒரு நிறுவனத்தில் 28 ரூபாய், இன்னொன்றில் 32 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கிராமுக்கு 0.056, 0.064. முழுதாக்கினால் இரண்டு உறையிலும் 0.06! கிலோவுக்கு 8 ரூபாய் வித்தியாசம் காணாமல் போகிறது. பக்கத்திலேயே ஒரு கிலோ பொட்டலம் 58 ரூபாய்க்கு இருந்தால், 0.06-ஐ ஆயிரத்தால் பெருக்கி 60 என்று எண்ணுபவர் பெரியதைத்தான் எடுப்பார். 28 ரூபாய்ப் பொட்டலம் இரண்டு வாங்கினால் 56-லேயே முடியும். எந்த அளவுப் பொட்டலமானாலும் கிலோ விலையையே அச்சிடச் சொல்லி விதியைத் திருத்த வேண்டும்.

அதுவரை பத்தாம் வகுப்பின் மாறுபாட்டு வரைபடம் (ஓர் அளவு மாறும்போது இன்னொன்று எப்படி மாறுகிறது என்று காட்டுவது) கைகொடுக்கும். பேருந்து வேகத்தையும் வட்டச் சுற்றளவையும் வரைந்து சலித்த மாணவர்களுக்கு மளிகைச் சீட்டைக் கொடுக்கலாம். x அச்சில் 1 செ.மீ. = 100 கிராம், y அச்சில் 1 செ.மீ. = 5 ரூபாய். (500, 28), (500, 32), (1000, 58) ஆகிய புள்ளிகளைக் குறித்து, ஒவ்வொன்றையும் ஆதிப்புள்ளியோடு தனித்தனியே சேர்த்து, x = 1000 வரை நீட்டவும். அங்கே உயரம் 56, 64, 58. முதல் கோட்டுக்கும் 58-க்கும் இடையே 4 மி.மீ. இடைவெளி கண்ணுக்கே தெரியும். சாய்வு கூடினால் விலை கூடுதல். அச்சுகளை மாற்றிப் போட்டால் இது தலைகீழாகிவிடும்.

மாணவர்கள் அதிகம் தவறுவது, (500, 28)-ஐயும் (1000, 58)-ஐயும் ஒரே கோட்டில் இணைப்பதில். அந்தக் கோடு y அச்சை −2-இல் வெட்டும். ரவையே வாங்காதவருக்குக் கடைக்காரர் 2 ரூபாய் தர வேண்டியிருக்கும். வெவ்வேறு பொட்டலத்துக்கு வெவ்வேறு k (y = kx-இல் வரும் மாறிலி; இங்கே ஒரு கிராமின் விலை). இரண்டு நிறுவனங்களை இரண்டு தாளில் வேறு வேறு அளவுத்திட்டத்தில் வரைந்தாலும் சாய்வு ஏமாற்றும்.

எண்ணெய்க்கு இன்னும் கவனம் வேண்டும். ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் சுமார் 910 கிராம்தான். லிட்டர் பாக்கெட்டையும் கிலோ டின்னையும் ஒப்பிடுவதானால், லிட்டரை முதலில் கிராமாக்கிவிட்டே புள்ளி வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
கணித ஆசிரியர்கள் சிலர்,
கும்பகோணம்.