ஓ'கேசியை 1926-இல் நிறுத்திவிடாதீர்கள்

ஐரிஷ் நாடகாசிரியர் ஷான் ஓ'கேசியின் வாழ்வையும் எழுத்தையும் ஆராய்ந்துவரும் பேராசிரியர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும்,

வணக்கம். ஓ'கேசி என்றதும் மூன்று நாடகங்களைச் சொல்கிறீர்கள்: 'தி ஷேடோ ஆஃப் எ கன்மேன்' (1923), 'ஜூனோ அண்ட் தி பேகாக்' (1924), 'தி ப்ளௌ அண்ட் தி ஸ்டார்ஸ்' (1926). மூன்றும் அயர்லாந்தின் தேசிய நாடக அரங்கான டப்ளின் அபே தியேட்டரில் அரங்கேறியவை, மூன்றும் மகத்தானவை. அப்புறம் அவர் லண்டன் போனார், சொந்த மண்ணை விட்டதும் எழுத்து வற்றியது என்று ஒரு பத்தியில் முடித்துவிடுகிறீர்கள். அந்தப் பத்திக்குள் 38 ஆண்டுகள் அடங்கிவிடுகின்றன. சிறிதும் பெரிதுமாகப் பதினைந்துக்கும் மேற்பட்ட நாடகங்களும் ஆறு தொகுதித் தன்வரலாறும் எழுதிய ஆண்டுகள் அவை.

எல்லோரையும் சொல்லவில்லை. ஆய்வாளர் டேவிட் க்ராஸ் போன்றவர்கள் பிற்கால நாடகங்களுக்காக அன்றே வாதாடினார்கள். அவர் பதிப்பித்த ஓ'கேசியின் நான்கு தொகுதிக் கடிதங்கள் இல்லாமல் இன்று யாரும் இந்த ஆய்வைத் தொடங்கவே முடியாது. ஆனால் பாடத்திட்டங்களும் அறிமுக நூல்களும் இன்னும் பழைய தடத்திலேயே போகின்றன. 'வற்றிப்போனார்' என்ற தீர்ப்பு எங்கே பிறந்தது என்று பாருங்கள். அது விமர்சகரின் மேசையில் பிறக்கவில்லை, ஒரு நாடக அரங்கின் நிராகரிப்பில் பிறந்தது.

1928-இல் 'தி சில்வர் டாஸி'யை ஓ'கேசி அபேக்கு அனுப்பினார். ஹாரி ஹீகன் என்ற கால்பந்து வீரன் தன் அணிக்கு வெள்ளிக் கோப்பையை வென்று தருகிறான். அதே கையோடு முதல் உலகப் போருக்குப் போகிறான், இடுப்புக்குக் கீழே செயலிழந்து சக்கர நாற்காலியில் திரும்புகிறான். அவனைக் காப்பாற்றியதற்காகப் பதக்கம் வாங்கிய நண்பனோடு அவன் காதலி போய்விடுகிறாள். இரண்டாம் அங்கம் அப்படியே போர்முனை. பெயரற்ற சிப்பாய்கள் பேசுவதில்லை, தேவாலயத்தில் ஓதுவதைப் போல ஓதுகிறார்கள். மேடையின் நடுவே ஒரு பெரிய பீரங்கி. டப்ளின் குடியிருப்பின் பேச்சுமொழியை அப்படியே மேடையேற்றிப் புகழ் பெற்ற ஒருவர் அந்தப் பாணியை உதறிவிட்டு இந்த அங்கத்தை எழுதினார் என்றால், அதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்!

அபேயின் இயக்குநர்களில் ஒருவரான கவிஞர் யேட்ஸ் மறுத்தார். போரில் உங்களுக்கு உண்மையான அக்கறை இல்லை, நீங்கள் அந்தக் களத்தில் நின்றவர் அல்ல, அதன் மருத்துவமனைகளில் நடந்தவரும் அல்ல என்பது அவர் கடிதத்தின் சாரம். தன் நாடகங்களில் வரும் பழைய ரோமானியப் போர்க்களங்களான ஆக்டியத்தில் ஷேக்ஸ்பியர் இருந்தாரா, பிலிப்பியில் இருந்தாரா என்று திருப்பிக் கேட்டார் ஓ'கேசி. போரில் காயம்பட்டு வந்தவர்களோடு தான் பழகியதையும் சொன்னார். 1915-இல் அவர் நோயாளியாகப் படுத்திருந்த டப்ளின் செயின்ட் வின்சென்ட் மருத்துவமனையில் அப்படிப்பட்ட சிப்பாய்கள் இருந்தார்கள். நாடகத்தைத் தாமே திரும்பப் பெற்றுக்கொண்டதாகக் காட்டிக்கொள்ள அவருக்கு ஒரு வழி விடப்பட்டது. அதை அவர் ஏற்கவில்லை, கடிதங்களைப் பத்திரிகையில் வெளியிட்டார். அடுத்த ஆண்டு லண்டனில் சார்லஸ் லாட்டன் ஹாரியாக நடிக்க நாடகம் மேடையேறியது. 1935-இல் அபேயே அதை நடத்தியது.

ஆனால் அதற்குள் இழப்பு நடந்து முடிந்திருந்தது. தான் எழுதுவதை ஒத்திகையில் கேட்டுக் கேட்டுத் திருத்த ஒரு நிலையான நடிகர் குழு அவருக்கு அதன் பிறகு கிடைக்கவில்லை. மேடை காணும் முன்பே பல நாடகங்கள் அச்சில் வந்தன. பிற்கால நாடகங்களில் நீளமும் தளர்ச்சியும் இருக்கின்றன என்றால் நானும் ஒப்புக்கொள்வேன். அது எழுத்தாளனின் வறட்சியா, அரங்கம் பறிபோனதன் விளைவா? இந்தக் கேள்வியை உங்கள் ஆய்வுகளில் நான் போதிய அளவு காணவில்லை.

1958-ஐயும் இதே கண்ணோடு பாருங்கள். டப்ளின் நாடக விழாவுக்கு 'தி ட்ரம்ஸ் ஆஃப் ஃபாதர் நெட்' நாடகத்தைக் கொடுத்திருந்தார். அதுவும் ஜாய்ஸின் 'யுலிஸஸ்' நாவலின் நாடக வடிவமும் நிகழ்ச்சியில் இருந்ததால், விழாவைத் திருப்பலியோடு தொடங்க டப்ளினின் கத்தோலிக்கப் பேராயர் மெக்வைட் ஒப்பவில்லை. ஓ'கேசியின் நாடகத்தில் மாற்றங்கள் செய்ய அனுமதிக்குமாறு விழாக்காரர்கள் கேட்டார்கள். ஓ'கேசி நாடகத்தையே திரும்பப் பெற்றார். இன்னொரு ஐரிஷ் நாடகாசிரியரான சாமுவேல் பெக்கெட்டும் தன் படைப்புகளை விலக்கிக்கொண்டார். அதன்பின் தன் நாடகங்களைத் தொழில்முறைக் குழுக்கள் அயர்லாந்தில் நடத்தக் கூடாது என்று ஓ'கேசி தடை போட்டார், இறந்த ஆண்டான 1964-இல்தான் அதைத் தளர்த்தினார். ஒரு நாடு ஒரு நாடகாசிரியரின் முதுமைக்கால எழுத்தைப் பார்க்காமலே போன கதை இது. பார்க்காததைத் தோல்வி என்று எழுதுவது நியாயமா?

தன்வரலாறு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதில் தன்னையே 'ஜானி' என்று படர்க்கையில் எழுதினார். தான் நேரில் பார்த்திருக்க முடியாத காட்சிகளையும் விரித்தார். டப்ளின் அப்பர் டோர்செட் தெருவில் அவர் பிறந்த வீடு சேரி அல்ல. தந்தை மைக்கேல் கேசி படித்தவர், எழுத்தர் வேலையில் இருந்தவர். 1886-இல் அவர் இறந்த பிறகுதான் குடும்பம் சரிந்தது. இதையெல்லாம் ஆய்வாளர்கள் கண்டுபிடித்துச் சொன்னது பெரிய தொண்டு. ஆனால் அந்த ஆறு தொகுதிகளைப் பொய்சாட்சி போலக் குறுக்கு விசாரணை செய்வதோடு நின்றுவிடாதீர்கள். பார்வை மங்கிக்கொண்டிருந்த ஒரு மனிதர் உருவாக்கிய பெரும் உரைநடை அது. அந்த அளவில் அதைப் படியுங்கள்.

அவரது அரசியலையும் மென்மையாக்க வேண்டாம். சோவியத் யூனியனை அவர் கடைசி வரை விட்டுக்கொடுக்கவில்லை. 1956-இல் ஹங்கேரியில் சோவியத் டாங்கிகள் நுழைந்தபோதும் அவர் நிலை மாறவில்லை. வீட்டிலேயே மகன் நியால் அவரை எதிர்த்து வாதாடினான். அதே குளிர்காலத்தில் அந்த மகன் லுகேமியாவில் இறந்துபோனான். இதில் ஓ'கேசி தவறிழைத்தார் என்றே நினைக்கிறேன். அந்தத் தவறையும் முழுதாக எழுதினால்தான் கடைசி நாடகங்களின் நம்பிக்கையும் பிடிவாதமும் எங்கிருந்து வந்தன என்று புரியும்.

அதனால் என் கோரிக்கை இது. அடுத்த பாடத்திட்டத்தில் 'தி சில்வர் டாஸி'யையும் 'காக்-ஏ-டூடுல் டேண்டி'யையும் சேருங்கள். இரண்டாவதைத்தான் ஓ'கேசி தன் நாடகங்களில் மிகவும் விரும்பினார். பிற்கால நாடகங்களின் கையெழுத்துப் படிகளை ஒவ்வொரு வரைவாக ஒப்பிடுங்கள். டப்ளின் தேசிய நூலகத்திலும் நியூயார்க் பொது நூலகத்திலும் அவருடைய தாள்கள் இருக்கின்றன. உங்கள் பல்கலைக்கழக நாடகத் துறையில் மேடை இருந்தால் 'தி சில்வர் டாஸி'யின் இரண்டாம் அங்கத்தை மட்டுமாவது நடித்துக் காட்டுங்கள். அந்த ஓதுதலைக் காதால் கேட்ட பிறகு மாணவர்களே தீர்ப்பை எழுதட்டும்.

அன்புடன்,
ஓ'கேசியின் வாசகர் ஒருவர்