கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு வந்த நம்மவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

சென்ற மாதம், அமெரிக்காவில் நாம் குடியேறி வாழும் இந்த ஊரின் நகரமன்றக் கூடத்தில் நிற்கக்கூட இடமில்லை. தென்கோடியில் உள்ள பழைய குதிரைப் பண்ணையின் 12 ஏக்கரில் சிறு வீடுகள் கட்ட ஒரு நிறுவனம் அனுமதி கேட்டிருந்தது. 1,200 முதல் 1,400 சதுர அடிக்குள் 90 வீடுகள். பாதி, பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டிய டவுன்ஹவுஸ்; பாதி சிறிய தனிவீடு. இப்போதைய விதிப்படி அங்கே ஒரு வீட்டுக்கு அரை ஏக்கர் மனையாவது வேண்டும். சாலைக்கும் மழைநீர்க் குட்டைக்கும் விட்டதுபோக இருபது வீடு தேறினால் அதிகம். மைக்கைப் பிடித்து எதிர்த்துப் பேசியவர்கள் 31 பேர். அவர்களில் 14 பேர் நம் தமிழர்கள். நான் எண்ணினேன். பொங்கல் விழாவுக்குக்கூட நாம் இவ்வளவு ஒழுங்காக நேரத்துக்கு வந்ததில்லை.

நான் பேசவில்லை. பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை என்றால் பொய், நன்றாகத்தான் தூங்கினேன். மறுநாள் வாட்ஸ்அப் குழுவில் "முடிவை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டார்கள், நமக்கு வெற்றி" என்ற செய்தியும் அதன் கீழே வரிசையாகக் கைதட்டல் படங்களும் வந்தபோதுதான் எரிச்சல் மூண்டது. அதன் விளைவு இந்த மடல்.

அன்று பேசிய நம்மவர்களில் ஒன்பது பேருடைய முதல் வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். ஒன்பதும் டவுன்ஹவுஸ். ஒன்றில் பால் காய்ச்சும்போது பால் பொங்குவதற்கு முன் புகை எச்சரிக்கைக் கருவி அலறியது. பக்கத்து வீட்டுக்காரர் பதறி ஓடிவந்து கடைசியில் பாயசம் குடித்துவிட்டுப் போனார். இன்னொன்றில் சுவருக்கு அப்பால் ஓடும் தொலைக்காட்சி இங்கே தெளிவாகக் கேட்கும். அந்த வீட்டு அண்ணா, அடுத்த வீட்டுக்காரர் எந்தத் தொடரில் எத்தனையாவது பகுதி பார்க்கிறார் என்பதைச் சரியாகச் சொல்வார். என் முதல் வீடு 1,180 சதுர அடி. ஒரு கார் நிறுத்த மட்டும் இடம். ஐந்து சதவீத முன்பணத்தில் வாங்கினேன். ஆறு ஆண்டுகளில் அதில் சேர்ந்த பணம்தான் இன்று நான் இருக்கும் 3,400 சதுர அடி வீட்டின் முன்பணம். உங்கள் கதையும் ஏறக்குறைய இதுதான் என்பது எனக்குத் தெரியும். சிலருக்கு அந்தக் கடன் விண்ணப்பத்தையே நான்தான் நிரப்பிக் கொடுத்தேன்.

ஏறி வந்த ஏணியை எட்டி உதைப்பது என்று தமிழில் சொல்வார்கள். நாம் உதைக்கிறோம் என்று உங்களில் யாரும் நினைக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஏணி எங்கோ இன்னமும் சாய்ந்து நிற்கிறது, வேறு ஏதோ ஊரில் வேறு யாரோ கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் புதிதாகக் கட்டப்பட்ட வீடுகளில் நூற்றுக்கு 40 வரை 1,400 சதுர அடிக்கு உட்பட்டவை. 2019இல் அது ஏறக்குறைய 7 ஆகச் சுருங்கிவிட்டது. ஃபிரெட்டி மேக் நிறுவனம் வெளியிட்ட கணக்கு இது. வீட்டுக் கடன் சந்தையையே தாங்கி நிற்கும் நிறுவனம் என்பதால் கட்டுநர்கள் மேல் பகை கொண்டு சொல்ல வாய்ப்பில்லை. 1973இல் புதுத் தனிவீட்டின் இடைநிலை அளவு 1,525 சதுர அடி. 2015இல் 2,467. அதற்குப் பிறகு கொஞ்சம் இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். இதே காலத்தில் ஒரு வீட்டில் வாழ்பவர்களின் சராசரி எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டரைக்கு வந்துவிட்டது. ஆள் குறையக் குறைய அறை கூடியிருக்கிறது. என் வீட்டிலேயே சாப்பாட்டு அறை என்று ஒன்று உண்டு. அதில் கடைசியாக யார் சாப்பிட்டார்கள் என்று என் மனைவியைக் கேட்டேன். அவள் நினைவிலும் இல்லை.

கட்டுநர்களுக்குப் பேராசை என்று சொல்லிவிட்டுப் போகலாம். இருக்கட்டும், ஆனால் பேராசைக்கும் ஒரு கணக்கு உண்டு. அரை ஏக்கர் மனை கட்டாயம் என்றால், அதன்மேல் 1,200 சதுர அடி கட்டினாலும் 3,800 கட்டினாலும் நிலத்தின் விலை ஒன்றுதான். தண்ணீர் இணைப்பு, கழிவுநீர் இணைப்பு, வரைபட அனுமதி ஆகியவற்றுக்குப் பல ஊர்களில் வீட்டுக்கு இவ்வளவு என்றுதான் கட்டணம். சதுர அடிக்கு இவ்வளவு என்று இல்லை. வீட்டுக்குள்ளும் செலவு முழுவதும் சமையலறை, குளியலறை, சூடேற்றும் கருவி ஆகியவற்றில்தான் குவிகிறது. அவை சிறு வீட்டுக்கும் வேண்டும். அதற்கு மேல் இன்னொரு படுக்கையறை சேர்ப்பது என்பது மரச்சட்டம், ஜிப்சம் பலகை, கம்பளம், ஒரு ஜன்னல். விற்கும்போது மட்டும் எல்லாச் சதுர அடியும் ஒரே கணக்கில் விலைபோகிறது. இப்படி ஒரு விதியைக் கையில் கொடுத்துவிட்டால், நீங்களோ நானோ கட்டுநராக இருந்தாலும் பெரிய வீட்டைத்தான் கட்டுவோம். ஆக, பெரிய வீடு வாங்குபவரின் ஆசையால் மட்டும் வந்ததில்லை. நகரமன்றத்தின் விதிப்புத்தகத்தில் அது முன்பே எழுதியிருக்கிறது.

அன்று ஓர் அக்கா "இந்த ஊருக்கென்று ஒரு தன்மை இருக்கிறது, அதைக் காப்பாற்ற வேண்டும்" என்றார். எதிர்வரிசையில் நரைத்த தலைகள் பல பலமாக ஆமோதித்தன. அக்கா, அந்தச் சொல்லுக்கு ஒரு பழைய வரலாறு இருக்கிறது. கோபிக்காமல் கேளுங்கள்.

1947இல் நியூயார்க்கின் லாங் ஐலண்டில், உருளைக்கிழங்கு விளைந்த நிலத்தில் லெவிட் குடும்பத்து நிறுவனம் வீடு கட்டத் தொடங்கியது. ஒரு வீடு 750 சதுர அடி. இரண்டு படுக்கையறை, ஒரே ஒரு குளியலறை. கூரைக்கு அடியிலிருந்த மாடியை முடிக்காமல் வெறுமனே விட்டார்கள். குழந்தைகள் பிறந்ததும் வீட்டுக்காரர்களே பலகை அடித்து அதை அறையாக்கிக்கொண்டார்கள். 1949இல் விற்பனை விலை 7,990 டாலர். போரிலிருந்து திரும்பியவர்களுக்கு முன்பணமே இல்லாமல் அரசு உத்தரவாதத்துடன் கடன் கிடைத்தது. 17,000 வீடுகளுக்கு மேல் எழுந்தன. இன்று அமெரிக்க நடுத்தர வர்க்கம் என்று சொல்லப்படுவதில் ஒரு பெரும் பகுதி இப்படிப்பட்ட தீப்பெட்டி வீடுகளிலிருந்து எழுந்துவந்ததுதான்.

ஆனால் அதன் தொடக்ககால ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது: வெள்ளை இனத்தவர் தவிர வேறு யாரும் அங்கே குடியிருக்கக் கூடாது. வேறு இனத்து வேலைக்காரர்கள் இருக்கலாம் என்று விலக்கும் கொடுத்திருந்தார்கள். நாம் போய் நின்றிருந்தால் நமக்கு வீடு கிடைத்திருக்காது, பாத்திரம் கழுவும் வேலை கிடைத்திருக்கும். இத்தகைய ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரக் கூடாது என்று 1948இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1968இல் வந்த சட்டம் இனத்தைக் காட்டி வீடு மறுப்பதையே தடை செய்தது. ஆளைச் சொல்லித் தடுக்க முடியாமல் போன பிறகும், மனையின் அளவைச் சொல்லித் தடுக்கும் வழி அடைபடவில்லை. அதற்கும் முன்பே, 1926இல், ஓஹையோவின் யூக்ளிட் ஊர் வழக்கில், எந்தப் பகுதியில் எதைக் கட்டலாம் என்று வகுக்கும் மண்டல விதிகளை ஏற்றுக்கொண்ட அதே உச்ச நீதிமன்றம், தனிவீடுகளுக்கு நடுவே வரும் அடுக்குமாடிக் குடியிருப்பை ஒட்டுண்ணி என்றே எழுதியது. "வாடகைக்காரர்கள் வந்துவிடுவார்கள்" என்று அன்று நம்மில் ஒருவர் சொன்னதற்கும் இதற்கும் இடையே நூறாண்டு தூரம்தான். கிறிஸ்துமஸுக்கு விளக்கு கட்டுவதற்கும் தீபாவளிக்கு விளக்கு கட்டுவதற்கும் நம் தெருவில் இன்று ஒரு வித்தியாசமும் இல்லை. அது ஊரின் தன்மை மாறியதால்தானே வந்தது?

நீங்கள் சொன்ன மற்றக் காரணங்களை நான் தள்ளிவிடவில்லை. பள்ளிக்கூடத்தில் நெரிசல் கூடும் என்றீர்கள். கூடலாம். ஆனால் நம் தொடக்கப்பள்ளியில் இந்த ஆண்டு ஒரு வகுப்பைக் குறைத்துவிட்டார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும், ஏனென்றால் அதற்கும் இதே குழுவில்தான் புலம்பினோம். போக்குவரத்து பற்றிச் சொன்னீர்கள். அந்தப் பள்ளியின் ஆசிரியைகள் இப்போதும் நம் சாலையில்தான் வருகிறார்கள், நாற்பது மைல் தொலைவிலிருந்து. இங்கே வீடு கிடைத்தால் அந்த நாற்பது மைல் குறையும்.

வீட்டு விலை விழும் என்ற பயத்தை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் மற்றதெல்லாம் இதற்குப் போட்ட போர்வை என்பது என் எண்ணம். தேசிய வீட்டு முகவர் சங்கம் 2024இல் வெளியிட்ட கணக்கில், முதல் வீடு வாங்குபவரின் இடைநிலை வயது 38. வீடு வாங்கியவர்களில் முதன்முறை வாங்குபவர்கள் நூற்றுக்கு 24 பேர் மட்டுமே. கீழ்ப்படியில் கால் வைக்காதவர் மேல்படிக்கு வர மாட்டார். நம் நாலாயிரம் சதுர அடி வீட்டைப் பத்தாண்டு கழித்து யாரிடம் விற்கப் போகிறோம்?

பத்தாண்டு என்றதும் இன்னொன்று. நம்மில் பாதிப் பேருக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. அப்பா அம்மா ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் தங்குவதற்கென்று தரைத்தளத்தில் ஓர் அறை வைத்துக் கட்டினோம். இப்போது அந்த அறைக்கு நாமே இறங்கி வந்துகொண்டிருக்கிறோம். பிள்ளைகள் போய்விட்டார்கள். மேலே மூன்று அறைகளைப் பூட்டி, சூடேற்றியைக் குறைத்து வைத்திருக்கிறோம். சென்ற ஆண்டு நம் நண்பர் ஒருவர் வீட்டை விற்றுவிட்டு இதே ஊரில் படியில்லாத சின்ன வீடாகப் பார்க்கலாம் என்று தேடினார். தமிழ்ப் பள்ளி, கோயில், இருபது வருடப் பழக்கம் எல்லாம் இங்கேதானே. எட்டு மாதம் தேடினார். இல்லை. இருந்த ஒன்றிரண்டு பழைய சிறு வீடுகளையும் இடித்துவிட்டு அதே மனையில் மாளிகை எழுப்பிவிட்டார்கள். அதோடு, 2021இல் மூன்று சதவீதத்துக்கும் குறைவான வட்டிக்குக் கடனைப் புதுப்பித்திருந்தார். அதை விட்டுவிட்டு ஏறக்குறைய ஏழு சதவீதத்துக்குப் புதுக்கடன் வாங்க அவருக்கு மனம் வரவில்லை. இன்று அந்தப் பெரிய வீட்டில் இரண்டு பேர், ஒரு நாய். அவரும் அன்று எதிர்த்துப் பேசிய 14 பேரில் ஒருவர். இதை எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். சிரித்தார். எழுதிக்கொள் என்றார்.

வேறு வழி இல்லாமலும் இல்லை. ஹூஸ்டன் 1998இல் தன் உள்வட்டச் சாலைக்குள் ஒரு வீட்டுக்கு வேண்டிய குறைந்தபட்ச மனையை 5,000 சதுர அடியிலிருந்து 1,400க்குக் குறைக்க வழி செய்தது. 2013இல் அதை நகரம் முழுவதற்கும் விரித்தது. ஒரு பழைய வீடு நின்ற மனையில் மூன்று, நான்கு குறுகிய உயரமான வீடுகள் வந்தன. அழகு என்று நான் சொல்ல மாட்டேன். சில தெருக்களில் கராஜ் கதவைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. ஆனால் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நகரத்துக்குள்ளேயே வீடு வாங்கின. ஓரிகன் மாநிலம் 2019இல், பத்தாயிரம் பேருக்கு மேல் வாழும் ஊர்களில் தனிவீட்டு மனையில் இரட்டை வீட்டையும் அனுமதிக்கச் சொன்னது. டெக்சாஸ் 2025இல் இயற்றிய சட்டம், பெரிய நகரங்களில் புதிதாகப் பிரிக்கப்படும் ஐந்து ஏக்கர் அல்லது அதற்கு மேற்பட்ட நிலத்தில் 3,000 சதுர அடிக்கு மேல் மனை கேட்கக் கூடாது என்கிறது. டெக்சாஸ் யாருக்கும் இலவசமாக எதையும் கொடுக்கும் மாநிலம் அல்ல என்பதை டாலஸ் பக்கம் உறவினர் உள்ளவர்கள் அறிவீர்கள்.

இந்தக் குதிரைப் பண்ணைத் திட்டம் குறையற்றது என்று நான் வாதாட வரவில்லை. வரைபடத்தைப் பார்த்தேன். பள்ளிப் பக்கம் நடைபாதை இல்லை. மழைநீர்க் குட்டை போதுமா என்ற சந்தேகம் எனக்கும் உண்டு. சின்ன வீடு என்பதாலேயே மலிவாக இருக்கும் என்ற நம்பிக்கையும் இல்லை. கட்டுநர் சந்தை தாங்கும் விலையைத்தான் கேட்பார். ஆனால் அரை ஏக்கரில் 3,800 சதுர அடி வீட்டின் விலையோடு அதை ஒப்பிட்டால் பாதிக்குப் பக்கத்தில்தான் வரும். நடைபாதையைக் கேளுங்கள். குட்டையைப் பெரிதாக்கச் சொல்லுங்கள். பெரு முதலீட்டு நிறுவனங்கள் மொத்தமாக வாங்கி வாடகைக்கு விடாதபடி நிபந்தனை போட முடியுமா என்று நகர வழக்கறிஞரைக் கேளுங்கள். 90 வீடு அதிகம் என்றால் 75 என்று பேரம் பேசுங்கள். பேரம் பேச நமக்குச் சொல்லித்தர வேண்டுமா? இருபது மாளிகைதான் வேண்டும் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் நிலைக்குப் பாடம் எடுக்கும் அந்த இளம் தம்பதியை உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஐம்பது நிமிடம் கார் ஓட்டி வந்து நம் பேரப்பிள்ளைகளுக்கு ழகரம் சொல்லித் தருகிறார்கள். குழந்தை வரப்போகிறது, அடுத்த ஆண்டிலிருந்து வர முடியாது என்று போன வாரம் சொன்னார்கள். இங்கே வீடு பார்க்கவில்லையா என்று கேட்டேன். அந்தப் பெண் மிக மரியாதையாக, "பார்த்தோம், மாமா" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த கூட்டம் 14ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, மாலை ஏழு மணி. பேச விரும்புபவர்கள் ஆறே முக்காலுக்குள் வாசலில் உள்ள தாளில் பெயர் எழுத வேண்டும். ஆளுக்கு மூன்று நிமிடம். ஆதரவு, எதிர்ப்பு என்று அதில் இரண்டு பத்திகள் இருக்கும். சென்ற முறை ஆதரவுப் பத்தியில் மொத்தம் நான்கு பெயர்கள். இந்த முறை என் பெயரை அதில் எழுதப் போகிறேன். என் காரில் இன்னும் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது. திட்டுவதாக இருந்தாலும் வழியிலேயே திட்டிக்கொண்டு வரலாம்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்